எந்தச் சாமிக்கு எண்ணெய்?

மொபெட்டில் வந்தவர் கேட்டுக்கு முன்னால் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, தோள் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். பூட்டிக் கிடந்த கேட்டைப் பார்த்தார். அதற்குப் பின்னால் நின்ற எண்ணெய்த் தொட்டிகளையும், புகை வராத புகைபோக்கியையும் பார்த்தார். கடைசியாக, தார்ப்பாய்ப் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்தார்.

"இங்க ஸ்டெல்லாங்கறது யாருங்க?"

"நான்தான் சார்."

காகிதத்தில் என் பெயரை இன்னொரு தடவை படித்தார். என் கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்தார். அவர் முகத்தில் குழப்பம் அப்போதே தொடங்கிவிட்டது.

"கோயில் எங்கம்மா இருக்குது?"

"எந்தக் கோயில் சார்?"

"அதத்தான் நானும் கேக்கறேன். எந்தச் சாமிக்கு எண்ணெ ஊத்தல?"

அரசாங்கத்திலிருந்து ஒரே ஒரு ஆளாவது வந்து எங்களை எட்டிப் பார்க்கமாட்டாரா என்று எட்டு மாதமாக அந்தப் பந்தலில் உட்கார்ந்திருந்தோம். பார்க்க வந்துவிட்டார். எங்களை அல்ல, சாமியை.

இது எப்படி நடந்தது என்று சொல்கிறேன். தப்பு முழுக்க என்னுடையது. போன வாரம் இந்தத் தொடரில் நான் எழுதிய, என் கல்யாணப் பந்தியில் சாம்பார் தீர்ந்த கதையைப் படித்துவிட்டு, "உங்கள் தவறுகளையே எழுதுகிறீர்கள், சாதனைகளை எப்போது எழுதுவீர்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஐயா, கொஞ்சம் பொறுங்கள். சாதனை இன்னும் நடக்கவில்லை.

மூக்குக்குச் சம்பளம்

சூளகிரியிலிருந்து உள்ளே பிரியும் ரோட்டில், எங்கள் ஊருக்கு 'ஆயில் ரிஃபைனரி' வருகிறது என்ற செய்தி வந்தபோது ஊரே பெட்ரோல் என்றுதான் நினைத்தது. இனி வண்டிக்கு வீட்டு வாசலிலேயே ஊற்றிக்கொள்ளலாம் என்று ஒருவர் தவணையில் புல்லட் எடுத்தே விட்டார்.

வந்தது சமையல் எண்ணெய். கப்பலில் வருகிற கச்சா எண்ணெயை லாரியில் கொண்டுவந்து, வெளுத்து, நாற்றம் நீக்கி, பாக்கெட்டில் அடைக்கிற ஆலை. புல்லட்காரர் கடைசி வரை எங்களை மன்னிக்கவில்லை.

எனக்கு லேபில் வேலை. மற்ற சோதனைகளுக்கெல்லாம் மெஷின் உண்டு. கடைசிச் சோதனைக்கு மட்டும் மூக்கு. எண்ணெயை லேசாகச் சூடு பண்ணி, மோந்து பார்த்து, 'வாசனை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். பதினோரு வருஷம் இதைத்தான் செய்தேன். "மோந்து பாக்கறதுக்கு ஒரு சம்பளமா!" என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சம்பளத்தில் வாங்கிய ஃபேனுக்குக் கீழே படுத்துக்கொண்டுதான் சிரிப்பார்.

எங்கள் லேப் கட்டடம் நின்ற இடம் கெம்பக்காவின் தக்காளித் தோட்டம். பாய்லர் ஹவுசுக்குப் பின்னால் இருந்தது அவருடைய கிணறு. மொத்தம் இரண்டு ஏக்கர். அப்போது அவருக்கு வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வீட்டில் கன்னடம் பேசுகிற குடும்பம். எங்களிடம் தமிழ், சந்தையில் தெலுங்கு.

தொழிற்பேட்டைக்கு என்று அந்த இடத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்றார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார்கள். கெம்பக்காவின் கையில் ஒரு துடைப்பத்தைக் கொடுத்து, அவர் நிலத்தை அவரையே பெருக்கச் சொன்னார்கள்.

சீர்வரிசை

ஆலை வந்தபோது நடந்த உபசாரத்தை நான் என் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை. சலுகை விலையில் நிலம், தனியாகத் தண்ணீர்க் குழாய், கரண்டில் தள்ளுபடி, வட்டியில் தள்ளுபடி, கேட் வரைக்கும் தார் ரோடு. எல்லாவற்றுக்கும் சேர்த்து மானியம் என்று பெயர். அந்தத் தார் ரோடு கேட்டோடு நின்றது. கேட்டைத் தாண்டிக் கூப்பிடு தூரத்தில் இருந்த எங்கள் ஊருக்கு அது வரவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குப் போட்ட ரோட்டில் நமக்கென்ன வேலை?

நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு பக்கத்து மாநிலம் இதைவிடப் பெரிய சீர் காட்டியது. எல்லை என்ன தூரம்? ஓசூர் தாண்டி ஒரு டீ குடிக்கிற நேரம். மாப்பிள்ளை இரண்டாம் கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டார்.

ஒரு காலையில் ஷிஃப்டுக்குப் போனால் கேட்டில் பூட்டு. பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு நோட்டீஸ். 'தவிர்க்க இயலாத வணிகச் சூழல்' என்பது அதன் சாரம். பெரிய ஆபீசில் கேட்டதற்கு, "அது சிக் யூனிட் ஆயிடுச்சும்மா" என்றார்கள். நலிந்த ஆலையாம்.

கெம்பக்கா என்னைக் கேட்டார்: "சிக்குன்னா ஒடம்பு சரியில்லதானே?"

"ஆமாக்கா."

"இங்க ஒடம்பு சரியில்லாதது பார்டர் தாண்டுனா எப்பிடி எந்திரிச்சு ஓடும்? அங்க என்னா பெரியாஸ்பத்திரியா வெச்சிருக்காங்க?"

எங்கள் சங்கச் செயலாளர் தனபால் இதைக் கேட்டுவிட்டு, அடுத்த கூட்டத்தில் தன்னுடைய வசனமாகப் பேசிக் கைதட்டு வாங்கினார். ஊத்தங்கரைக்காரர், பாய்லர் ஆபரேட்டர், தங்கமான மனுஷர். மைக்கைக் கண்டால் மட்டும் அடுத்தவர் வசனம் தன் வசனமாகிவிடும்.

ரோட்டில் எண்ணெய்

மறியல் பண்ணாமல் இருக்க முடியுமா? ஹைவே சர்வீஸ் ரோட்டில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்தோம். அன்று இருந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் திறமை இல்லை. பதினோரு வருஷம் மூட்டை தூக்கிய ஆண்கள் ரோட்டில் உட்கார்ந்து அழுதார்கள். பள்ளிக்கூட யூனிஃபார்மோடு பிள்ளைகளைக் கூட்டிவந்து உட்காரவைத்தார்கள். "எங்க வரிப்பணத்துல மானியம் வாங்கிட்டு எங்களுக்கே பூட்டா?" என்று பெண்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். அட்டைகளில் ஒன்றில் தமிழிலும் இன்னொன்றில் கன்னடத்திலும் 'எண்ணெய் வேண்டும், வேலை வேண்டும்' என்று எழுதிப் பிடித்திருந்தோம்.

அங்கேதான் ஒரு விவகாரம். கன்னடத்து இளவட்டங்கள் பேச்சில் 'எண்ணெ' என்றால் சரக்கு. பெங்களூர்ப் பக்கம் போகிற கார்களிலிருந்து ஒவ்வொருத்தனாகத் தலையை நீட்டி, "எண்ணெ பேக்கா? எண்ணெ பேக்கா?" என்று சிரித்துக்கொண்டே போனான்.

கெம்பக்கா எழுந்து போய் ஒரு கார் கண்ணாடியைத் தட்டினார். "எண்ணெ அல்லப்பா, கெலச பேக்கு" என்றார். சரக்கு இல்லையப்பா, வேலை வேண்டும் என்று அர்த்தம். அந்தப் பையன் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தண்ணீர் பாட்டில் ஒன்றை நீட்டினான்.

மறுநாள் செல்போனில் ஒரு வீடியோ சுற்றியது. 'சரக்கு கேட்டுக் குடும்பத்தோடு மறியல்' என்று தலைப்பு. என் மைத்துனர் கோலாரிலிருந்து போன் போட்டு, "அண்ணி, எப்பலேர்ந்து?" என்று விசாரித்தார். தொலையட்டும்.

மாமனாரின் விளக்கு

மறியலுக்குப் பிறகு மனு. திங்கட்கிழமை மனு வாங்குகிற ஆபீசுக்கு நான்கு மனு கொடுத்து, நான்குக்கும் ரசீது வாங்கி வைத்திருந்தோம். பதில் மட்டும் வரவில்லை. ஐந்தாவதை எழுத நானும் தனபாலும் கெம்பக்காவும் பந்தலில் உட்கார்ந்தோம். ஆலை மூடி ஆறு மாதம் ஆகியிருந்தது.

"இந்த மானியம் மானியம்ங்கறீங்களே, அது எதுக்குக் குடுக்கறது தனபாலு?" என்று கெம்பக்கா கேட்டார்.

"சப்சிடிக்கா. கம்பெனிக்காரன் நமக்கு வேல குடுக்கணும்னு கவர்ன்மெண்டு குடுக்கறது."

"இப்ப வேல குடுக்கலியே?"

"அதாங்க்கா பிரச்ன."

"இதுல என்னாப்பா பிரச்ன? புடுங்க வேண்டியதுதானே. எங்க மாமனாருகிட்ட புடுங்குனாங்களே!"

அந்தக் கதையை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலில் சாயங்கால விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவது கெம்பக்காவின் மாமனார் வீட்டுப் பொறுப்பு. அதற்காக அந்த வீட்டுக்கு ஏரிக்குக் கீழே ஒரு துண்டு நிலம் விட்டிருந்தார்கள். விளக்கு மானியம் என்று பெயர். எண்ணெய் ஊற்றுகிறவரைக்கும் நிலத்தை உழுது சாப்பிடலாம். மாமனார் கொஞ்ச நாளில் சாமிக்கு ஊற்றவேண்டிய எண்ணெயைக் கன்னடத்து எண்ணெயாக மாற்றித் தன் வாயில் ஊற்றிக்கொள்ள ஆரம்பித்தார். மூன்று மாதம் விளக்கு எரியவில்லை. ஊர் கூடியது. ஒரே சாயங்காலத்தில் மானியத்தைப் பிடுங்கி இன்னொரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"கால்ல விழுந்தாரு. கேக்கலியே. ஊத்துனாத்தான் மானியம், ஊத்தலன்னா எறங்குன்னுட்டாங்க. மூணு மாசத்துக்கே அப்பிடி. இவன் ஆறு மாசமா ஊத்தல. இவனுக்கு மட்டும் என்னா?"

"அக்கா, அந்த மானியம் வேற, இந்த மானியம் வேற," என்றார் தனபால்.

"பேரு ஒண்ணுதானே?"

தனபால் என்னைப் பார்த்தார். இரண்டும் எப்படி வேறு என்று இன்றுவரை எனக்கு யாரும் விளக்கவில்லை.

"எனக்கு வேலகூட வேண்டாம் ஸ்டெல்லா. எம் பூமியக் குடுத்தாப் போதும். கெணறு இருக்குது, தக்காளி போட்டுப் பொழச்சுக்குவேன். அத எழுது."

எனக்கு ஓசூரில் வேறு ஒரு லேப் கிடைக்கும். தனபாலுக்கு வேறு ஒரு பாய்லர் கிடைக்கும். கெம்பக்காவுக்கு வேறு ஒரு கிணறு எங்கே கிடைக்கும்? எழுதினேன்.

எழுதும்போதுதான் சனியன் பிடித்தது. பள்ளியில் கட்டுரைப் போட்டியில் டிபன் பாக்ஸ் வாங்கியவள் நான். "கேப்பிடல் சப்சிடின்னு போடுங்க, அப்பத்தான் அவங்களுக்குப் புரியும்" என்று தனபால் தலையால் அடித்துக்கொண்டார். அரசாங்கத்துக்குத் தமிழில் எழுதினால் புரியாதா என்று நான் வீம்பு பிடித்தேன். முதலாளி கம்பெனிக்குத் தன் குலதெய்வத்தின் பெயரை வைத்து, பின்னால் 'ரிஃபைண்ட் ஆயில்ஸ்' என்று ஒரு வாலை ஒட்டியிருந்தார். அந்த வால் தமிழில் அழகாக இல்லை என்று வெட்டிவிட்டேன். மிச்சம் நின்றது சாமியின் பெயர் மட்டும்.

மனு இப்படி அமைந்தது: 'மேற்படி பெயரில் எண்ணெய் வழங்குவதாக உறுதியளித்து மானியமும் நிலமும் பெற்றவர், கடந்த ஆறு மாதங்களாக எண்ணெய்ப் பணியை அறவே நிறுத்திவிட்டார். ஊர் வழக்கப்படி மானியத்தை ரத்து செய்து நிலத்தை மீட்டுத் தரவேண்டுகிறோம்.'

படித்துவிட்டு எனக்கே புல்லரித்தது. தபால் பிரிக்கிற புண்ணியவானுக்கும் புல்லரித்திருக்கவேண்டும். கோயில் நிலங்களைப் பார்க்கிற ஆபீசுக்கு அனுப்பிவிட்டார்.

ஃபாரம் இல்லை

ஆக, மொபெட்டில் வந்தவர் அந்த ஆபீசின் இன்ஸ்பெக்டர். தேன்கனிக்கோட்டையிலிருந்து கிளம்பியவர், வழியில் யானை ரோட்டைக் கடக்கிறது என்று ஒரு மணிநேரம் நின்றுவிட்டு வந்திருந்தார். நாங்கள் விஷயத்தைச் சொன்னதும் கோபப்படுவார் என்று நினைத்தேன். பந்தலில் உட்கார்ந்து டீ வாங்கிக் குடித்தார். அவ்வளவு நல்ல மனுஷரை நான் அரசாங்கத்தில் அதற்கு முன்னாலும் பார்க்கவில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

"ஏன் சார், நெஜமாவே சாமிக்கு எண்ணெ ஊத்தாம இருந்தா என்னா பண்ணுவீங்க?" என்று தனபால் கேட்டார்.

"நோட்டீஸ் குடுப்போம். பதில் சரியில்லன்னா நெலத்த மீட்டுருவோம். அதுக்கு சட்டம் தெளிவா இருக்குதுங்க."

கெம்பக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "மனுசனுக்கு ஊத்தலன்னா?"

இன்ஸ்பெக்டர் டீ கிளாசைக் கீழே வைத்தார். "அதுக்கு எங்கிட்ட ஃபாரம் இல்லம்மா."

"சாமி இருந்துச்சு சார்," என்றார் கெம்பக்கா. எங்களுக்கே அது புதுச் செய்தி. "கெணத்து மேட்டுல முனியப்பன்னு ஒரு கல்லு. எங்க வீட்டுக்காரரு வெச்சது. ஆடி மாசம் பொங்க வெப்போம். கட்டடம் கட்டறப்ப மிஷின் வெச்சு எல்லாத்தையும் ஒதுக்குனாங்க. அங்கதான் எங்கியாவது கெடக்கும்."

பொய் இல்லை. கெம்பக்கா பொய் சொன்னால் காது சிவந்துவிடும், கேன்டீனில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். காது சாதாரணமாகத்தான் இருந்தது.

இன்ஸ்பெக்டர் எழுந்து கேட்டிடம் போனார். இரண்டு தகரத்துக்கு நடுவில் இருந்த சந்தில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். "உள்ள போய்ப் பாத்தாத்தான் எழுத முடியும். சாவி யாருகிட்ட?"

"பார்டருக்கு அந்தப் பக்கம்," என்றார் தனபால்.

அவர் இன்னொரு தடவை சந்து வழியாகப் பார்த்தார். பிறகு மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

பதில்

நான்கு மனுவுக்கு வராத பதில் ஐந்தாவது மனுவுக்கு, இன்ஸ்பெக்டர் வந்துபோன இருபதாவது நாள் வந்தது. சீல், கையெழுத்து, எண் எல்லாம் சுத்தமாக இருந்தன. பந்தலில் சத்தமாகப் படித்தேன்.

'மனுவில் கண்ட இடம் நேரில் ஆய்வு செய்யப்பட்டது. அவ்விடத்தில் தெய்வம் ஏதும் இருப்பதாகக் காணப்படவில்லை. எனவே மனு முடித்துவைக்கப்படுகிறது.'

"இன்னொருக்கா படி," என்றார் கெம்பக்கா. படித்தேன்.

"சாமி இல்லன்னு எழுதிட்டாங்களா?"

"ஆமாக்கா."

"இருந்திருந்தா பூமி திரும்பியிருக்கும்?"

எனக்கு அந்தக் காகிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்து அந்தக் கேட்டின் மேலேயே வீசவேண்டும் என்று ஆத்திரம் வந்தது. ஒரு அகல் விளக்கு அணைந்தால் கேட்க ஆள் இருக்கிறது. இத்தனை வீட்டு அடுப்பு அணைந்ததைக் கேட்க ஒரு ஃபாரம்கூட இல்லை. கெம்பக்கா என் கையிலிருந்து காகிதத்தை வாங்கி, மடித்து, ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் கவருக்குள் வைத்துக்கொண்டார்.

பூமி பூஜை

மழைக்காலம் முடிந்த கையோடு அந்தக் கேட் திறந்தது. எங்களுக்காக அல்ல. புது மாப்பிள்ளை வந்திருந்தார். இந்தத் தடவை பேட்டரிக் கம்பெனி. எங்கள் முதலாளி இடத்தைக் கைமாற்றிவிட்டாராம். புதியவருக்குப் பழையவரைவிடப் பெரிய மானியம் என்று மேடையிலேயே பெருமையாக அறிவித்தார்கள். ரோடு மறுபடியும் கேட் வரைக்கும் புதிதாகப் போடப்பட்டது. எங்கள் பந்தலைப் பூஜைக்கு முந்தின நாளே போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று பிரித்துவிட்டார்கள்.

ஊர்க்காரர்களுக்கும் அழைப்பு உண்டு, கைதட்ட ஆள் வேண்டுமே. கெம்பக்கா நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தார். உள்ளே நுழைந்ததும் விழாப் பந்தலுக்குப் போகவில்லை, நேராகப் பாய்லர் ஹவுசுக்குப் பின்னால் போனார். நானும் கூடவே ஓடினேன். கிணறு இருந்த இடத்தில், இடம் கைமாறின கையோடு ஆலைக் கழிவுமண்ணைக் கொட்டித் தரைமட்டமாக மூடியிருந்தார்கள். கல்லும் இல்லை, மேடும் இல்லை. கெம்பக்கா அந்த மண்ணின் மேல் கொஞ்ச நேரம் நின்றார். அழுதுவிடுவார் என்று நினைத்து அவர் கையைப் பிடித்தேன். கையை உருவிக்கொண்டு பந்தலைப் பார்த்து நடந்தார்.

அங்கே செங்கல்லுக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தார்கள். ஐயர் பூமாதேவியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், மைக்கில். முன்வரிசை சோபாவில் தொழில் சம்பந்தப்பட்ட பெரிய அதிகாரி ஒருவர் கைகூப்பி உட்கார்ந்திருந்தார். கெம்பக்கா அவர் முன்னால் போய் நின்று, பிளாஸ்டிக் கவரிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார். போலீஸ்காரம்மா பக்கத்தில் வருவதற்குள் அவர் அதை வாங்கிவிட்டார்.

"இந்த எடத்துல சாமி இல்லன்னு கவர்ன்மெண்டே எழுதிக் குடுத்திருக்குது சார். அப்ப யாருக்குப் பூஜ?"

அதிகாரி படித்தார். சிரித்தார். நல்ல சிரிப்பு, வயசானவர்களிடம் சிரிக்கிற சிரிப்பு. "அம்மா, இது ஏதோ ஆபீஸ் லெட்டர். இதப்போயி மனசுல வெச்சுக்கலாமா? சாமி எல்லா எடத்துலயும் இருக்கும்மா. இதோ, இந்த எடத்துலயும் இருக்கு."

"நெஜமாவா சார்?"

"சத்தியமாம்மா."

கெம்பக்கா அந்தக் காகிதத்தை அவர் கையிலேயே திருப்பிப் பிடித்து, எழுதாத பக்கத்தைக் காட்டினார்.

"அத இதுல எழுதிக் குடுங்க சார்."

அதிகாரியின் சட்டைப் பையில் இரண்டு பேனா இருந்தன. அவர் கை அந்தப் பக்கமே போகவில்லை.